சிங்கப்பூர் சைனாடவுன்: நடந்து பார்க்கவும் வயிறாரச் சாப்பிடவும் ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூருக்கு வரும் நம்மவர்கள் சைனாடவுனுக்குக் கட்டாயம் போகிறார்கள். பகோடா தெருவில் சாவிக்கொத்து வாங்குகிறார்கள், மாரியம்மன் கோயிலில் கும்பிடு போடுகிறார்கள், சிவப்பு விளக்குகளுக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். சாப்பிட மட்டும் லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவுக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், “எதில் என்ன கலந்திருக்குமோ, கேட்கவும் தெரியாது, எதுக்கு வம்பு” என்பார்கள். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. இந்த ஊருக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் சைனாடவுனைச் சாப்பிடாமல் பார்ப்பது கல்யாண வீட்டுக்குப் போய்ப் பந்தலை மட்டும் பார்த்துவிட்டு வருவது மாதிரி. அதனால் ஒரு முழு நாளை எப்படிச் செலவிடலாம் என்று காலையிலிருந்து இரவு வரை வரிசையாக எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். செட்டிநாட்டுக் கோழிக் குழம்பையும் கொங்குநாட்டுப் பள்ளிபாளையத்தையும் நாஞ்சில் நாட்டு மீன்கறியையும் ஒரே பெயரில் அடக்கினால் நமக்கு எப்படி இருக்கும்? ‘சைனீஸ் சாப்பாடு’ என்று சொல்வதும் அப்படித்தான். சிங்கப்பூருக்கு வந்த சீனர்கள் ஹொக்கியன், தியோச்சியூ, கான்டனீஸ், ஹக்கா, ஹைனானீஸ் என்று தனித்தனிப் பேச்சுவழக்குக் குழுக்களாக வந்தவர்கள். ஒரு குழு பேசுவது இன்னொன்றுக்குப் புரியாது. தனித்தனித் தெருக்களில் குடியேறினார்கள், தனித்தனிக் கோயில்களும் சங்கங்களும் கட்டிக்கொண்டார்கள், தனித்தனி அடுப்புகளை வைத்துக்கொண்டார்கள். தட்டில் இருப்பது யார் வீட்டுச் சமையல் என்று கேட்கப் பழகிவிட்டால் இந்தப் பேட்டை தானாகத் திறந்துகொள்ளும்.

படி 1: நாளும் நேரமும்

திங்கட்கிழமை வேண்டாம். ஈரச்சந்தையிலும் (மீனும் காய்கறியும் விற்கும் சந்தை) உணவங்காடிகளிலும் நிறைய கடைகள் அன்றைக்கு மூடியிருக்கும். சனி, ஞாயிறு கூட்டம் அதிகம். செவ்வாய் முதல் வெள்ளிக்குள் ஒரு நாள், காலை எட்டு மணிக்கு அங்கே இருப்பது மாதிரிப் பார்த்துக்கொள்ளுங்கள். உணவங்காடிகளை அவ்வப்போது துப்புரவுப் பணிக்காக மொத்தமாக மூடுவார்கள். போகும் முன் அதையும் இணையத்தில் பார்த்துவிடுங்கள்.

சீனப் புத்தாண்டுக்கு முந்தைய மூன்று, நான்கு வாரங்கள் ஒரு தனி அனுபவம். நியூ பிரிட்ஜ் ரோடும் யூ தோங் சென் தெருவும் விளக்குகளால் நிறைந்திருக்கும், இரவுச் சந்தையில் தோளோடு தோள் உரசித்தான் நடக்க வேண்டும். ஆனால் புத்தாண்டு பிறந்த முதல் இரண்டு நாள் போனால் ஏமாந்துபோவீர்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் குடும்பத்தோடு வீட்டில் இருப்பார்கள்.

கொண்டுபோக வேண்டியவை: குடை, தண்ணீர் பாட்டில், இரண்டு மூன்று டிஷ்யூ பாக்கெட் (எதற்கு என்று கீழே சொல்கிறேன்), 2, 5, 10 வெள்ளித் தாள்கள். டாலரை இங்கே தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்வோம். கடைகளில் கியூஆர் அட்டை தொங்கும், ஆனால் வெளிநாட்டுக் கைப்பேசியில் அது வேலை செய்யும் என்று நம்பிப் போகாதீர்கள். ஒரு தட்டுச் சாப்பாடு ஏறக்குறைய 4 முதல் 8 வெள்ளி ஆகும்.

படி 2: இறங்கும் இடம்

பெருவிரைவு ரயிலில் வடகிழக்குத் தடத்திலோ டௌன்டவுன் தடத்திலோ வந்து சைனாடவுன் நிலையத்தில் இறங்குங்கள். பெயர்ப் பலகையில் தமிழிலும் எழுதியிருக்கும். ‘ஏ’ வாசலில் ஏறினால் நேரே பகோடா தெரு.

பலகையில் உள்ள சீனப் பெயரை ‘நியூ சே சுய்’ என்று படிக்க வேண்டும். மாட்டு வண்டித் தண்ணீர் என்று அர்த்தம். மலாயில் ‘கிரேத்தா ஆயர்’ என்றால் தண்ணீர் வண்டி. குழாய்த் தண்ணீர் வருவதற்கு முந்தைய காலத்தில் ஆன் சியாங் குன்றுப் பக்கத்துக் கிணறுகளிலிருந்து மாட்டு வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து விற்றதால் வந்த பெயர் இது. வீட்டு வாசலில் குடத்தோடு வண்டிக்குக் காத்திருந்தவர்கள் நினைவு அந்தப் பெயரில் இன்னும் இருக்கிறது. எனக்கு சைனாடவுன் என்ற பெயரைவிட இதுதான் பிடிக்கும். இங்கேயுள்ள வயதானவர்களுக்கும் அப்படித்தான்.

1822-இல் பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் ஊரை வகுத்தபோது ஆற்றுக்குத் தென்மேற்கே உள்ள பகுதியைச் சீனர்களுக்கு ஒதுக்கினார். கடைகளுக்கு முன்னால் மக்கள் வெயில் மழை படாமல் நடக்கக் கூரையோடு நடைபாதை விட வேண்டும் என்பதும் அந்த ஏற்பாட்டில் உண்டு. ஐந்தடி அகலம் என்று பெயர் வாங்கிய அந்த நடைபாதைகள்தாம் இன்றைக்கும் உங்களைக் காப்பாற்றப் போகின்றன. 1989-இல் இந்தப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவித்தார்கள், அதனால்தான் கடைவீடுகள் இடிபடாமல் நிற்கின்றன.

படி 3: காப்பியில் ஆரம்பியுங்கள்

பகோடா தெருவில் நிற்காமல் ஸ்மித் தெருவில் உள்ள சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் கட்டடத்துக்குப் போங்கள். இரண்டாம் மாடியில் இருக்கிறது உணவங்காடி. இருநூறுக்கு மேற்பட்ட கடைகள், சிங்கப்பூரிலேயே பெரியது இதுதான். ஒரு காலத்தில் சுற்றுத் தெருக்களில் தள்ளுவண்டி போட்டவர்களை 1983-இல் இங்கே கொண்டுவந்து குடியேற்றினார்கள்.

முதலில் ஒரு காப்பி. இந்தக் காப்பிக் கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கருகருவென்று வறுப்பார்கள். நீளமான துணிப்பையில் தூளைப் போட்டு, கொதிக்கும் நீரை ஊற்றி, நீளமூக்குப் பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி இழுப்பார்கள். கடைக்காரரின் கையைக் கவனியுங்கள். கோப்பையில் முதலில் வெந்நீரைச் சுழற்றிக் கொட்டிவிடுவார், அப்புறம் கெட்டிப்பால், அதன்மேல் டிகாஷன், கடைசியில் மேலிருந்து ஒரு வெந்நீர்த் தாரை. கோப்பையின் விளிம்பு வரை நிரப்பி, கீழே உள்ள தட்டில் கொஞ்சம் வழிய விட்டுத்தான் நீட்டுவார். டபரா செட் பழகிய நமக்கு அந்தத் தட்டைப் பார்த்ததும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

சொல்ல வேண்டிய முறை இதுதான். ‘கோப்பி’ என்றால் கெட்டிப்பால் போட்டது. ‘கோப்பி ஓ’ பால் இல்லாமல் சர்க்கரை மட்டும். ‘கோப்பி சி’ என்றால் இனிப்பில்லாத சுண்டிய பாலும் சர்க்கரையும். இதற்குப் பின்னால் ஒட்டுகளைச் சேர்த்துக்கொண்டே போகலாம்: ‘கோசோங்’ சர்க்கரை வேண்டாம், ‘சியூ டாய்’ இனிப்புக் குறைவு, ‘காவ்’ திக்காக, ‘போ’ லேசாக, ‘பெங்’ ஐஸ் போட்டு. ‘கோசோங்’ மலாய்ச் சொல், ‘சியூ டாய்’ கான்டனீஸ், ‘காவ்’ ஹொக்கியன். ஒரு கோப்பைக்குள் இத்தனை மொழி. சர்க்கரை நோய் உள்ளவர்கள் ‘கோப்பி ஓ கோசோங்’ என்ற ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும். தேநீருக்கும் இதே இலக்கணம்தான், ‘கோப்பி’க்குப் பதில் ‘தே’.

படி 4: கீழே இறங்கி ஈரச்சந்தை

அதே கட்டடத்தின் அடித்தளத்தில் ஈரச்சந்தை. பத்து மணிக்கு முன்னால் பாருங்கள், மதியத்துக்குள் ஓய்ந்துவிடும். தரை நனைந்திருக்கும், வழுக்காத செருப்பு நல்லது. மீன் மார்க்கெட்டுக்குப் போய்ப் பழகியவர்களுக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் கருப்புத்தோல் கோழி, தவளை எல்லாம் கண்ணில் படலாம். மனசு கேட்காதவர்கள் காய்கறிப் பக்கம் மட்டும் நடந்துவிட்டு வரலாம். தாமரைக் கிழங்கு, கசப்புக் குறைந்த வெளிர்ப் பாகல், கையளவு தடித்த சேம்பு, பலவகைக் கீரை. கடைக்கார ஆன்ட்டிகளிடம் ஒன்றைச் சுட்டிக்காட்டி “சூப்?” என்று கேளுங்கள். எந்தக் கிழங்கோடு எதைப் போட்டு எத்தனை மணி நேரம் கொதிக்க வைக்க வேண்டும் என்று கையாலேயே விளக்கிவிடுவார்கள். சும்மா தொட்டுப் பார்ப்பதை விரும்ப மாட்டார்கள், படம் எடுக்கும் முன் ஒரு தலையசைப்புக் கேளுங்கள்.

படி 5: சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஒரு நடை

ஒன்பதரை, பத்து மணிக்கு வெயில் ஏறும் முன் இந்த நடையை முடித்துவிடுங்கள். வடக்கிலிருந்து தெற்காகப் போனால் தெருப்பெயர்களே கதை சொல்லும்: மாஸ்க் தெரு, பகோடா தெரு, டெம்பிள் தெரு. பள்ளிவாசல் தெரு, கோபுரத் தெரு, கோயில் தெரு. இந்த மூன்றுக்கும் பெயர் கொடுத்தவை தமிழர்கள் கட்டிய கட்டடங்கள்.

ஜாமியா சூலியா பள்ளிவாசலை 1826-இல் தொடங்கியவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்கள். அதையடுத்து ஸ்ரீ மாரியம்மன் கோயில். 1819-இல் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து கப்பலில் வந்த நாராயண பிள்ளை 1827-இல் மரமும் அத்தாப்பு ஓலைக் கூரையுமாக எழுப்பியது. அவர் வைத்து வழிபட்ட சின்ன அம்மன் இன்னும் உள்ளே இருக்கிறாள். இந்தக் கோபுரத்தைத்தான் பகோடா என்று சொல்லித் தெருவுக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. ஐப்பசியில் தீமிதி நடக்கும்போது சுற்றுத் தெருக்களில் வரிசை நிற்கும். மற்ற நாட்களில் உள்ளே போனால் சீன முகங்களையும் பாருங்கள். ஊதுபத்தியோடு வந்து கண்மூடி நின்று, திருநீறு வாங்கிக்கொண்டு போகும் பாட்டிகள் உண்டு. அவர்களுக்கு இது பக்கத்து வீட்டுக் கோயில்.

இன்னும் தெற்கே போனால் ஸ்மித் தெரு, சாகோ தெரு. சாகோ என்றால் ஜவ்வரிசி, அங்கே ஜவ்வரிசி ஆலைகள் இருந்தன. பக்கத்துச் சாகோ லேனில் இருந்தவை சாவு வீடுகள். நெருக்கடியான கடைவீட்டு அறைகளில் வாடகைக்கு இருந்த ஏழைத் தொழிலாளிகள் கடைசி நாட்களை அங்கே போய்க் கழித்தார்கள். அறையில் இறந்தால் மற்றவர்களுக்கு ஆகாது என்ற நம்பிக்கை. 1961-இல் அந்த வீடுகளைத் தடை செய்தார்கள். இன்று அதன் ஓரத்தில் 2007-இல் திறந்த புத்தர் புனிதப்பல் ஆலயம் நிற்கிறது. அனுமதி இலவசம், தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும்.

தலையில் சிவப்புத் துணி மடித்துக் கட்டிய பெண்களின் படத்தை இந்தத் தெருக்களில் அடிக்கடி பார்ப்பீர்கள். சம்சுய் பெண்கள். குவாங்டோங்கின் சம்சுய்யிலிருந்து பிழைக்க வந்து, கட்டட வேலையில் மண்ணும் செங்கல்லும் சுமந்தவர்கள். பலர் கல்யாணமே செய்துகொள்ளாமல் ஊருக்குப் பணம் அனுப்பிக்கொண்டே வாழ்ந்து முடித்தார்கள். இஞ்சி அரைத்த விழுதோடு வெந்த கோழியைச் சாப்பிடும் ‘சம்சுய் இஞ்சிக் கோழி’ அவர்கள் பெயரில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு தடவை, புத்தாண்டுக்கு மட்டும், அவர்கள் சமைத்துக்கொண்ட ஆடம்பரம் அது என்று சொல்வார்கள். அந்தத் தட்டைச் சாப்பிடும்போது எனக்கு அது சும்மா ஒரு கோழியாகத் தெரிவதில்லை.

படி 6: இடம் பிடிப்பது, கேட்பது, தட்டைத் திருப்புவது

மதியச் சாப்பாட்டுக்குக் காம்ப்ளெக்ஸ் மாடிக்குத் திரும்பி, பதினொன்றேகாலுக்கே உட்காருங்கள். பன்னிரண்டுக்கு அலுவலகக் கூட்டம் வந்துவிடும்.

மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அது யாரோ மறந்துவிட்டுப் போனது இல்லை. அந்த இடம் பிடித்தாயிற்று என்று அர்த்தம். இதை ‘சோப்’ செய்வது என்பார்கள். நீங்களும் முதலில் பாக்கெட்டை வைத்துவிட்டுப் போய் வரிசையில் நில்லுங்கள். பஸ் சீட்டில் துண்டு போட்ட ஊர்க்காரர்களுக்கு இது எளிதாகக் கைவரும். மேசை எண்ணைக் கவனித்துக்கொள்ளுங்கள், சில கடைகளில் கேட்பார்கள்.

கடைக்காரர்களை அங்கிள், ஆன்ட்டி என்று கூப்பிடுங்கள். வரிசை நீளமாக இருக்கும்போது கடைக்கு முன்னால் போய் நின்று யோசிக்காதீர்கள், வரிசையிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ‘இங்கே சாப்பிடவா, கட்டவா’ என்பதை “ஹேவிங் ஹியர், ஆர் தபாவ்?” என்று கேட்பார்கள். தபாவ் என்றால் பொட்டலம். அவர்கள் பேச்சு கறாராக இருக்கும், அது கோபம் இல்லை. விடிகாலை நான்கு மணியிலிருந்து அடுப்பின் முன்னால் நிற்கிறவர்கள்.

நாலு பேர் போனால் நாலு கடையில் ஒவ்வொரு தட்டு வாங்கி நடுவில் வையுங்கள். ஆளுக்கொரு தட்டு என்று வாங்கினால் இரண்டாவது கடைக்குப் போக வயிற்றில் இடம் இருக்காது.

சாப்பிட்டு முடித்ததும் தட்டையும் கோப்பையையும் நீங்களே கொண்டுபோய் அடுக்கில் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து இது கட்டாயம். முதல் தடவை எச்சரிக்கை, அப்புறம் அபராதம். ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு இருக்கும், அதில் மற்ற தட்டுகளைக் கலந்துவிடாதீர்கள்.

படி 7: யார் வீட்டுச் சமையல்?

கான்டனீஸ்காரர்களிடமிருந்து ஆரம்பிக்கிறேன், கிரேத்தா ஆயர் அவர்கள் பேட்டை. கண்ணாடிக்குப் பின்னால் கொக்கியில் வாத்தும் கோழியும் தொங்கும் கடை அவர்களுடையது. சோயாவில் மெதுவாக வேகவைத்த கோழியைச் சோற்றின் மேலோ நூடுல்ஸின் மேலோ வெட்டிப் போடுவார்கள். இந்த மாடியில் இருந்த ஒரு சோயா கோழிக் கடைக்குத்தான் 2016-இல் மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது. சில வெள்ளிக்குக் கிடைக்கும் தட்டுக்கு நட்சத்திரமா என்று உலகமே திரும்பிப் பார்த்தது. அந்த நட்சத்திரம் 2021-இல் போய்விட்டது, வரிசைகள் போகவில்லை.

ஆனால் கான்டனீஸ் சமையலில் நான் உங்களைக் கட்டாயப்படுத்தி உட்காரவைப்பது மண்சட்டிச் சோற்றுக்கு. கரி அடுப்பு வரிசையாக எரியும். ஒவ்வொன்றிலும் ஒரு மண்சட்டி, அரிசியும் தண்ணீரும் போட்டு மூடியிருக்கும். கடைக்காரர் வெறும் விரலால் சட்டியைத் தொட்டு, கால் வட்டம் திருப்பி, மறுபடி மூடுவார். சோறு பாதி வெந்ததும் கோழித்துண்டு, இனிப்பான தொத்திறைச்சி, ஒரு விரல் அகல உப்புக்கண்ட மீன். அரை மணி நேரம், சில நாள் முக்கால் மணி நேரம் ஆகும். முன்கூட்டியே சொல்லிவிட்டு வேறு கடையைச் சுற்றிவிட்டு வரலாம். மேசைக்கு வந்ததும் மூடியைத் திறந்து, கருப்பு சோயாவையும் எண்ணெயையும் சுற்றிலும் விட்டு, அடியிலிருந்து புரட்டுங்கள். உடனே தின்னாதீர்கள். கொஞ்சம் பொறுத்தால் அடியில் ஒட்டிய சோறு பொறுபொறுவென்று விட்டு வரும். வீட்டில் அடிப்பிடித்த சோற்றுக்குச் சண்டை போட்டு வளர்ந்த எவரும் அந்தக் கடைசிக் கரண்டியை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

தியோச்சியூக்காரர்கள் மென்மையான கை உள்ளவர்கள். அவர்கள் மீன் உருண்டை நூடுல்ஸில் உருண்டை ரப்பர் பந்து மாதிரி துள்ள வேண்டும், அதுதான் அழகு. ‘சாய் தாவ் குவே’யை இங்கே ஆங்கிலத்தில் கேரட் கேக் என்பார்கள். கேரட்டும் கிடையாது, கேக்கும் கிடையாது. அரிசிமாவும் வெள்ளை முள்ளங்கியும் சேர்த்து அவித்து, துண்டு போட்டு, முட்டையோடு இரும்புக் கல்லில் வறுப்பது. வெள்ளை என்றால் உப்பு, கருப்பு என்றால் இனிப்பு சோயா ஊற்றியது. இரண்டையும் ஒரே தட்டில் பாதிப் பாதி கேட்டால் பல கடைகளில் தருவார்கள்.

ஹொக்கியன்காரர்கள் எண்ணிக்கையில் அதிகம். அவர்கள் பெயரில் உள்ள ‘ஹொக்கியன் மீ’ இறால் ஓட்டையும் தலையையும் கொதிக்க வைத்த சாற்றில் மஞ்சள் நூடுல்ஸும் அரிசி நூடுல்ஸும் கலந்து வதக்குவது. சம்பலும் சின்ன எலுமிச்சையும் தருவார்கள், பிழியாமல் சாப்பிட்டால் பாதி ருசிதான். ‘போப்பியா’ மெல்லிய மாவுத்தாளில் வதக்கிய கிழங்கை வைத்துச் சுருட்டியது, சூட்டோடு சாப்பிட வேண்டும்.

ஹைனானீஸ்காரர்கள் மற்றவர்களுக்குப் பிந்தி வந்தார்கள். நல்ல தொழில்களை எல்லாம் மற்றவர்கள் பிடித்துவிட்டதால் வெள்ளைக்காரர் வீடுகளில் சமையலுக்குப் போனார்கள், பிறகு காப்பிக்கடை வைத்தார்கள். அவர்களுடைய பழைய தெருக்கள் இங்கே இல்லை, மிடில் ரோடு பக்கம். ஆனாலும் அவர்கள் கோழிச்சோறுக்கு நீளமான வரிசை நிற்பது இங்கே மேக்ஸ்வெல் உணவங்காடியில்தான். முழுக்கோழியைக் கொதிக்காத சூட்டில் வேகவைத்து, ஐஸ் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். தோலுக்கும் சதைக்கும் நடுவில் வழுவழுவென்று ஒரு படலம் நிற்கும். அது பச்சை இறைச்சி இல்லை, அந்த முக்குதலால் வந்தது. ஆனால் உயிர் சோற்றில் இருக்கிறது. கோழிக் கொழுப்பில் இஞ்சி, பூண்டு, ரம்பை இலையோடு வதக்கி வேகவைத்த சோறு. முதல் கவளத்தைக் கோழியும் சட்னியும் இல்லாமல் வெறும் சோறாகச் சாப்பிட்டுப் பாருங்கள். பிரபலமான கடையின் வரிசையில் முக்கால் மணி நேரம் நிற்பதைவிட, அதே அங்காடியில் நாலு பேர் நிற்கும் கடையில் வாங்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஹக்கா கடைகள் குறைவு, கண்டால் விடாதீர்கள். ‘யோங் தாவ் ஃபூ’ கடையில் தோஃபு, வெண்டைக்காய், கத்தரிக்காய், பாகற்காய்க்குள் மீன் விழுது அடைத்து அடுக்கியிருப்பார்கள். இடுக்கியால் நீங்களே எடுத்துக் கிண்ணத்தில் போட்டுக்கொடுத்தால் சூப்பில் காய்ச்சித் தருவார்கள். வெண்டைக்காயைச் சீனக் கடையில் பார்த்து நம்மவர்களுக்கு வரும் சந்தோஷத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

படி 8: சைவம், பன்றி, மாடு, ஹலால்

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒருமுறை அம்மாவை அழைத்துப் போயிருந்தேன். அம்மா சுத்த சைவம். ‘ச்சுவே குவே’ என்று ஒன்று உண்டு, சின்னக் கிண்ணத்தில் அவித்த அரிசிமாவு, அச்சு அசல் இட்லி மாதிரி இருக்கும். மேலே பொடிப்பொடியாக நறுக்கி வதக்கிய உப்பு முள்ளங்கி. பார்த்தவுடன் அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அரிசி, முள்ளங்கி, வேறென்ன என்று நானும் வாங்கிக் கொடுத்தேன். இரண்டாவது வாய் சாப்பிடும்போது ஏதோ தோன்றி, கடைக்கார ஆன்ட்டியிடம் போய்க் கேட்டேன். “லார்ட்” என்றார். பன்றிக் கொழுப்பில் வதக்கியது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். அந்த ஆன்ட்டிக்குத்தான் என்னைவிட வருத்தம். கடையை விட்டு வெளியே வந்து, எங்களைக் கையைப் பிடித்து அழைத்துப் போய் அடுத்த வரிசையிலிருந்த சைவக் கடையில் விட்டார்.

அதனால் கண்ணுக்குச் சைவமாகத் தெரிவதை நம்பாதீர்கள். பன்றிக் கொழுப்பு, காய்ந்த இறால், சிப்பிச் சாறு, மீன் சாறு இந்த நான்கும் காய்கறித் தட்டுகளில் ஒளிந்திருக்கும். “காய் மட்டும் போடுங்கள்” என்று சாதாரணக் கடையில் கேட்பதால் பயனில்லை, வாணலியும் எண்ணெயும் ஒன்றுதான். பௌத்த சைவக் கடையைத் தேடிப் போங்கள். மாண்டரினில் ‘சூ’, ஹொக்கியனில் ‘சாய்’ என்பார்கள். பலகையில் தாமரையோ ஸ்வஸ்திகமோ இருப்பது ஒரு அடையாளம். “வோ ச்சி சூ” என்றால் நான் சைவம் சாப்பிடுகிறேன். முட்டை வேண்டாம் என்பதற்கு “பு யாவ் டான்”. இந்தக் கடைகளில் பூண்டு, வெங்காயம்கூடச் சேர்க்காத வழக்கம் உண்டு. தட்டில் வாத்துக்கறி, மீன் மாதிரியே ஏதோ இருந்தால் பதறாதீர்கள். அது சோயாவும் கோதுமைப் பசையும் காளானும்.

சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் இந்தக் கடைகளில் கூட்டம் தாங்காது. அமாவாசையும் பௌர்ணமியும்தான் அவை. அன்றைக்கு மட்டும் சைவம் இருக்கும் சீனர்கள் நிறைய பேர். நம் வீட்டுக் கணக்கேதான்.

சைவர்களுக்கு இன்னொரு நல்ல தட்டு ஹக்காக்காரர்களின் ‘லெய் ச்சா’. சோற்றைச் சுற்றிப் பொடியாக நறுக்கிய கீரை, அவரை, தோஃபு, வறுத்த நிலக்கடலை. தேயிலையும் துளசி வகை இலைகளும் எள்ளும் இடித்துக் கரைத்த பச்சைச் சாற்றை ஊற்றிச் சாப்பிட வேண்டும். காய்ந்த இறால் போடுவதுண்டு, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களுக்குச் சிரமம் குறைவு. குவான்யின் அம்மனைக் கும்பிடும் சீனர்களில் பலர் மாடு சாப்பிடுவதில்லை, பல கடைகளில் அது இருக்கவே இருக்காது. முஸ்லிம் அன்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ‘நோ போர்க், நோ லார்ட்’ என்ற பலகை ஹலால் சான்றிதழ் ஆகாது. முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) அமைப்பின் ஹலால் முத்திரை தனியாக இருக்கும்.

படி 9: வெயில் உச்சியில்

இரண்டு மணிக்கு மேல் நடக்க முடியாது. மேக்ஸ்வெல் ரோட்டில் உள்ள சிங்கப்பூர் சிட்டி கேலரியில் ஊரின் மாபெரும் மாதிரி வடிவம் இருக்கிறது. இலவசம், குளிர்சாதன வசதி உண்டு. காலையில் நடந்த தெருக்களை மேலிருந்து தேடிக் கண்டுபிடிப்பது குழந்தைகளுக்கு நன்றாக இருக்கும்.

அப்புறம் ஒரு மருந்துக்கடை. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் யூ யான் சாங் கடை 1910-லிருந்து இருக்கிறது. யூ தோங் சென் தெரு என்ற பெயர் அந்தக் குடும்பத்துக்காரருடையதுதான். இழுப்பறைகளில் காய்ந்த பூ, பட்டை, வேர் என்று நாட்டு மருந்துக்கடை வாசனை வரும். தெருவோரக் கடைகளில் பித்தளைப் பாத்திரத்திலிருந்து மூலிகைத் தேநீர் ஊற்றித் தருவார்கள். கசப்பானது, இனிப்பானது இரண்டும் உண்டு. உடம்புச் சூட்டைத் தணிக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. சூடு, குளிர்ச்சி என்று சாப்பாட்டைப் பிரிப்பதில் அவர்களும் நாமும் ஒன்று. மாம்பழம் சூடு என்று சொன்னால் தலையாட்டி ஒப்புக்கொள்வார்கள்.

இனிப்புக்கு, அதே சாலையில் தோங் ஹெங் கடையின் முட்டை டார்ட். மற்ற இடங்களில் வட்டமாக இருக்கும், இங்கே சாய்சதுரம். வாசனையோடு கரியில் வாட்டி விற்கும் ‘பாக் குவா’ பன்றி இறைச்சி, தெரிந்து வாங்குங்கள்.

படி 10: தெலுக் ஆயர் தெரு

ஐந்து மணிக்கு ஆன் சியாங் குன்றைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினால் தெலுக் ஆயர் தெரு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்க்கும் வரை அலை இந்தத் தெருவைத் தொட்டுக்கொண்டிருந்தது. கப்பலிலிருந்து இறங்கியவர்கள் உயிரோடு கரை சேர்த்ததற்கு முதலில் நன்றி சொன்ன இடங்கள் வரிசையாக நிற்கின்றன. ஹொக்கியன் மக்கள் 1842-இல் கட்டி முடித்த தியான் ஹோக் கெங், கடல் அன்னை மாஸுவின் கோயில். அதே தெருவில் நாகூர் ஆண்டவர் நினைவாகத் தமிழ் முஸ்லிம்கள் 1828-க்கும் 1830-க்கும் இடையில் எழுப்பிய நாகூர் தர்கா. இன்னும் கொஞ்ச தூரத்தில் அல்-அப்ரார் பள்ளிவாசல். ஆரம்பத்தில் வெறும் குடிசையாக இருந்ததால் அதற்குக் ‘குச்சுப் பள்ளி’ என்ற தமிழ்ப் பெயர் இன்னும் வழங்குகிறது. மாஸு கோயில் வாசலில் நின்று தர்காவின் மினாராக்களைப் பாருங்கள். ஒரே கடலைக் கடந்து வந்தவர்கள் ஒரே தெருவில் கும்பிட்டிருக்கிறார்கள்.

இருட்டியதும் பக்கத்திலுள்ள லாவ் பா சாட்டுக்கு நடக்கலாம். 1894-இல் எழுந்த வார்ப்பிரும்புச் சந்தை. ஏழு மணிக்கு மேல் ஓரத்துத் தெருவை மூடிவிட்டு சாத்தே கடைகள் போடுவார்கள். கரியில் வாட்டிய கோழியும் ஆடும் நிலக்கடலைக் குழம்போடு வரும். இது மலாய், முஸ்லிம் சமையல், ஆனாலும் நாளின் இந்த நேரத்தில் வேறு எதுவும் இவ்வளவு பொருந்தாது.

படி 11: கடைசியாக, துரியன்

ஜூன் முதல் ஆகஸ்டுக்குள் வந்திருந்தால் திரும்பவும் கிரேத்தா ஆயர் பக்கம் வாருங்கள். காம்ப்ளெக்ஸுக்கு வெளியே உள்ள சதுக்கத்தில் பெரியவர்கள் கல் மேசைகளைச் சுற்றிச் சீனச் சதுரங்கம் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஆடுகிறவர்கள் இரண்டு பேர், யோசனை சொல்கிறவர்கள் பத்துப் பேர். அந்தப் பக்கத் துரியன் கடைகளில் ‘மாவ் ஷான் வாங்’ ரகத்தைக் கேளுங்கள். கிலோவுக்கு என்ன விலை, இந்தப் பழம் எத்தனை கிலோ என்று வெட்டும் முன்பே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வெட்டிக் காட்டியதும் சுளையை லேசாக அழுத்திப் பாருங்கள், வெண்ணெய் மாதிரிக் குழைய வேண்டும். நன்றாக இல்லை என்றால் நல்ல கடைக்காரர் மாற்றித் தருவார்.

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து தின்றுவிடுங்கள். ரயிலில் துரியனுக்கு அனுமதி இல்லை. முடித்ததும் காலியான ஓட்டின் குழியில் தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீரில் கையைக் கழுவச் சொல்வார்கள், வாசனை போகும் என்று. எனக்குப் பாதி போகும். மீதி மறுநாள் காலைக் காப்பி வரை கையில் இருக்கும்.